காடிலாக் வாங்கினேன், வில்லங்கம் பார்க்கவில்லை

அமெரிக்கச் சொகுசுக் காரான 1959 காடிலாக் எல்டொராடோ பியாரிட்ஸ் விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று இரண்டாவது முறை பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் 1,40,000 டாலர் கொடுத்து வாங்கியது பியாரிட்ஸ் இல்லை. அதே காடிலாக்கின் சாதாரண சீரிஸ் 62 கன்வர்டிபிள், அதாவது கூரையை மடக்கித் திறக்கும் கார். அதற்குப் பியாரிட்ஸ் வேடம் போட்டு, கூடவே ஒரு குடும்ப வரலாற்றையும் எழுதிச் சேர்த்து, என் தலையில் கட்டிவிட்டார்கள்.

டெட்ராய்ட் புறநகரில் இருபத்தெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே "பாவம், கார் பற்றித் தெரியாமல் ஏமாந்துவிட்டார்" என்று எனக்கு ஆறுதல் சொல்லக்கூட வழியில்லை. ஒவ்வோர் ஆகஸ்டிலும் வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் ஊர்வலம் போகும்போது ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். 1959 காடிலாக் ஒன்று கடந்தால் பக்கத்து நாற்காலிகளில் பேச்சு நின்றுவிடும். வானத்தைப் பார்த்து நிமிர்ந்த இரண்டு வால் துடுப்புகள், ஒவ்வொன்றிலும் தோட்டா போன்ற இரட்டை விளக்குகள். நீளம் 225 அங்குலம். அடுத்த ஆண்டிலிருந்தே துடுப்புகளின் உயரத்தைக் குறைக்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு மேல் உயர்த்தினால் அது கார் இல்லை, விமானம்.

அந்த ஆண்டு காடிலாக் தயாரித்தவை 1,42,272. அவற்றில் சீரிஸ் 62 கன்வர்டிபிள் 11,130. பியாரிட்ஸ் 1,320 மட்டுமே. புதிதாக விற்றபோது முதலாவதன் விலை 5,455 டாலர், இரண்டாவதன் விலை 7,401 டாலர். இன்று அந்த இடைவெளி பல பத்தாயிரங்கள். இத்தனைக்கும் உடம்பு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். பியாரிட்ஸுக்கு உரியவை பின்பக்கம் வளைந்தேறும் அகலமான குரோம் பட்டை, மூன்று கார்ப்புரேட்டர் வைத்த 345 குதிரைத்திறன் என்ஜின், ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றில் வண்டியைத் தாங்கும் காற்று சஸ்பென்ஷன். எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை. திருடனுக்கு வாசல் அங்கேதான் திறக்கிறது.

விற்றவர் தெற்கே வேறொரு மாநிலத்தில் பழைய கார் வியாபாரம் செய்கிறவர். கார் சிவப்பு. பெயின்டில் முகம் பார்க்கலாம். ஆனால் நான் விழுந்தது காரில் இல்லை, தோல் அட்டை போட்ட ஒரு கோப்பில். கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் ஒரு பல் மருத்துவர் 1959இல் புதிதாக வாங்கிய ரசீது, அவர் குடும்பம் காரோடு நிற்கும் புகைப்படம், அதன் பின்புறம் "கிறிஸ்துமஸ் 1959" என்று பேனாவில் எழுத்து, பிறகு மகளுக்குக் கார் போன கதை, காரைப் பழைய நிலைக்குப் புதுப்பித்த ரெஸ்டோரேஷன் செலவுச் சீட்டுகள். ஒவ்வொரு தாளுக்கும் இடையில் மெல்லிய டிஷ்யூ தாள் வைத்திருந்தார். என் திருமணப் புகைப்பட ஆல்பத்துக்குக்கூட அத்தனை மரியாதை கிடைத்ததில்லை.

கேள்வியே கேட்காமல் வாங்கிவிடவில்லை. வண்டியின் அடையாள எண்ணைக் கணினியில் போட்டால் அதன் வரலாறு வருமே, அந்த அறிக்கை எங்கே என்றேன். "பதினேழு இலக்க எண் 1981இல்தான் வந்தது. அதற்கு முந்தைய வண்டிகள் அந்தக் கணினியில் அகப்படாது" என்றார். உண்மை. காற்று சஸ்பென்ஷன் இல்லையே என்றேன். "அது ஒழுகும். ஏறக்குறைய எல்லோரும் ஸ்பிரிங்குக்கு மாற்றிவிட்டார்கள்" என்றார். அதுவும் உண்மை. அவர் வாயால் சொன்னதில் இன்றுவரை ஒரு பொய்கூட எனக்கு அகப்படவில்லை. பொய்களையெல்லாம் கோப்பில் வைத்திருந்தார்.

நடுவில் ஒரு வெர்மான்ட் பதிவுச்சீட்டும் இருந்தது. அப்போதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு டைட்டில் என்கிற உரிமைப் பத்திரம் கேட்காமல், வெளிமாநிலத்தவருக்கும் தபாலிலேயே பதிவு கொடுத்துக்கொண்டிருந்த மாநிலம் அது. 2023இல்தான் அந்தக் கதவைச் சாத்தினார்கள். முறையாகப் போன வண்டிகளும் ஏராளம். ஆனால் பத்திரத் தொடர்ச்சி அறுந்த வண்டிகள் புதுப்பிறவி எடுக்கவும் அதுவே வழியாக இருந்தது.

வாங்கி ஏழு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, கார் பிரியர்கள் கூடும் மைதானத்துக்கு ஓட்டிப்போனேன். டெட்ராய்ட் கிளார்க் தெருவில் காடிலாக் ஆலை 1987இல் மூடப்படும்வரை அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வந்தார். துடுப்பைப் பார்க்கவில்லை, பெயின்டைத் தடவவில்லை. டிக்கியைத் திறக்கச் சொல்லி, உள்பக்கச் சுவரில் விரலால் வருடிக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்கே வரிசையாகத் துளைகளை அடைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள். சீரிஸ் 62இன் குரோம் பட்டை மாட்டியிருந்த இடம் இது." பிறகு முன்பக்கம் வந்து டார்ச் கேட்டார். காரின் அடிச்சட்டத்தில் பொறித்த எண் 59 என்று தொடங்கி, அடுத்து ஆங்கில ஈ. பியாரிட்ஸுக்கு ஈ, சீரிஸ் 62 கன்வர்டிபிளுக்கு எஃப். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தார். ஈயின் அடிக்கோடு மட்டும் மற்ற கோடுகளைவிட ஆழமாக, ஓரம் கூர்மையாக இருந்தது. எஃப்பின் காலடியில் ஒரு கோடு இழுத்தால் ஈ. உளியால் ஒரே ஒரு தட்டு.

வரிசை எண்களும் எல்லா மாடல்களுக்கும் பொதுவாகவே ஓடியவை. அதனால் அந்த ஓர் எழுத்தை மாற்றிவிட்டால் எண்ணில் வேறு முரண்பாடு தெரியாது. மாடல் எண் பொறித்த உடல் தகடு பானெட்டைத் திறந்தால் தெரியும் சுவரில் இருக்கும்: பியாரிட்ஸுக்கு 6467, சீரிஸ் 62க்கு 6267. என் காரில் இருந்தது புத்தம்புதிய தகடு. அறுபது வருடத் தகட்டில் ஒரு கீறல்கூட இல்லையே என்று எனக்குத் தோன்றியதா என்றால், தோன்றியது. ரெஸ்டோரேஷன் அவ்வளவு நேர்த்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிரவு கோப்பை மறுபடி விரித்தேன். 1959 ரசீதின் தலைப்பில் பாம் ஸ்பிரிங்ஸ் என்பதை அடுத்து ஐந்து இலக்க ஜிப் எண், நம் ஊர் பின்கோடு போல. ஜிப் எண் அமெரிக்காவுக்கே வந்தது 1963 ஜூலையில். புகைப்படத்தில் காரின் நம்பர் பிளேட் கறுப்பு, எழுத்து மஞ்சள். கலிபோர்னியாவில் அந்த நிறம் வந்ததும் 1963இல்தான்; அதற்கு முன் மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து. படம் உண்மையான படமாகவே இருக்கலாம். யாருடைய குடும்பமோ, யாருடைய காரோ.

ஜெனரல் மோட்டார்ஸ் ஆவணக் காப்பகத்திலிருந்து அந்த வரிசை எண்ணுக்குரிய தயாரிப்புத் தாளின் நகலை வாங்கினேன். சீரிஸ் 62 கன்வர்டிபிள், வெள்ளை என்று இருந்தது. அந்த நகலுக்கு ஆன கட்டணம், கார் வந்த அன்று நண்பர்களுக்குக் கொடுத்த விருந்துச் செலவில் பாதிகூட இல்லை.

என் மனைவி ஒன்றுதான் கேட்டாள்: "மேடவாக்கத்தில் அரை கிரவுண்டு வாங்கியபோது தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கம் என்று ஊரையே அலைய வைத்தீர்கள். இதற்கு என்ன பார்த்தீர்கள்?" டிஷ்யூ தாளைப் பார்த்தேன் என்று சொல்ல முடியுமா?

வியாபாரியின் பதில் இரண்டே வரி. வண்டி உள்ளபடியே விற்கப்பட்டது. கோப்பு முந்தைய உரிமையாளர் கொடுத்தது. வேண்டுமென்றே செய்த மோசடியை "உள்ளபடியே" என்ற சொல் மூடிவிடாது என்கிறார் வக்கீல். ஆனால் வியாபாரிக்குத் தெரிந்தே நடந்தது என்பதை நான்தான் நிரூபிக்க வேண்டும், அதுவும் அவருடைய மாநிலத்தில். மதிப்பீட்டாளர் காருக்கு 85,000 டாலர் போட்டார், அதுவும் எண் விவகாரம் தீர்ந்தால். என் பெயரில் உள்ள மிச்சிகன் டைட்டிலிலும் அந்தத் திருத்திய எழுத்தே ஏறியிருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை விற்கக் கூடாது, அடிச்சட்டத்தில் அந்த இடத்தைத் துணியால் துடைக்கக்கூடக் கூடாது என்பது வக்கீலின் உத்தரவு. கார் கராஜில் நிற்கிறது. மூக்கைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால்தான் கதவு மூடுகிறது.

இதையெல்லாம் எழுதும் எண்ணம் இருக்கவில்லை. சென்ற வாரம் அதே வியாபாரி 1957 கன்வர்டிபிள் ஒன்றை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். முழு உரிமை வரலாற்றுக் கோப்புடன் என்று விளம்பரம். கோப்பின் படமும் இருக்கிறது. அதே தோல் அட்டை, நிறம் மட்டும் பழுப்பு.