பம்பர் விரிசலுக்கு ஹாட் ஸ்டேப்ளர்: எதுவரை நம்பலாம்?

புதுச்சேரி புல்வார் தெருக்களில் நடைபாதைக் கல்லை ஒட்டி வண்டியை நிறுத்தும்போது முதலில் அடி வாங்குவது முன் பம்பரின் கீழ் விளிம்புதான். பட்டறையில் கேட்டால் பெரும்பாலும் "மாத்திடுங்க சார்" என்பார்கள். கையகல விரிசலுக்குப் புது பம்பரும் அதை முழுக்கப் பெயின்ட் அடிக்கும் செலவும் தேவையில்லை. ஆன்லைனில் கிடைக்கும் ஹாட் ஸ்டேப்ளர் செட் அந்த வேலையை உறுதியாகச் செய்யும். கருவி நல்லது. ஆனால் அதோடு வரும் உதிரிகளை அப்படியே நம்ப முடியாது.

துப்பாக்கி மாதிரி இருக்கும் இதன் முனையில் வளைந்த கம்பி ஊசியைச் செருகி ஸ்விட்சை அழுத்தினால் ஊசி பழுத்துச் சிவக்கும். பிளாஸ்டிக்கை உருக்கிக்கொண்டு உள்ளே இறங்கி, ஆறியதும் தையல் போட்டது போல இரு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும்.

வேலைக்கு முன் பம்பரைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். பிளாஸ்டிக்கின் வகை அச்சாகியிருக்கும். பெரும்பாலும் பிபி, இபிடிஎம், டி20 என்ற எழுத்துகள். அதாவது ரப்பரும் 20 சதவீதம் டால்க் என்ற கனிமப் பொடியும் கலந்த பாலிப்ரோப்பிலீன். சாதாரண சூப்பர் குளூவும் எபாக்சியும் இதன் மேல் ஒட்டாமல் உரிந்து வருவது அதனால்தான். சின்னத் துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டு, மிதந்தால் பிபி என்று சொல்வார்கள். டால்க் கலந்த பிபி மூழ்கவும் செய்யும், அந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

கடலோர வண்டியில் பம்பரின் உள்பக்கம் உப்பும் மண்ணும் அப்பியிருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கவும். பெட்ரோலால் துடைத்தால் பிசுக்கு தங்கும்.

பலர் தவறவிடும் கட்டம் அடுத்தது. விரிசல் முடியும் இடத்தில் 3 மி.மீ. துளை போட வேண்டும். போடாவிட்டால் தையலுக்கு அப்பாலும் விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு முன்பக்கம் மட்டம் பார்த்து அலுமினியம் டேப் ஒட்டிவிட்டு, பின்பக்கத்தில் 0.8 மி.மீ. அலை வடிவ ஊசிகளை விரிசலுக்குக் குறுக்கே ஒன்றரை செ.மீ. இடைவெளியில் இறக்குங்கள். 0.6 மி.மீ. ஊசி மெல்லிய கிரில், சக்கரத்தின் உள்பக்க லைனருக்குத்தான் சரி.

பம்பரின் தடிமன் சுமார் 3 மி.மீ.தான் இருக்கும், ஊசி அதில் பாதியைத் தாண்டக் கூடாது. ஊசி சிவந்ததும் மெல்ல அழுத்தி, வேண்டிய ஆழம் வந்தவுடன் ஸ்விட்சை விட்டுவிட வேண்டும். கையை உடனே எடுக்காமல், பிளாஸ்டிக் இறுகும் வரை அப்படியே பிடித்திருந்து பிறகு கருவியை இழுக்கலாம். அவசரப்பட்டு இழுத்தால் ஊசியும் கூடவே வரும், ஓட்டைதான் மிஞ்சும். ஸ்விட்சை அழுத்திக்கொண்டே இருந்தால் முன்பக்கப் பெயின்டில் அம்மை போட்ட மாதிரி தழும்பு விழும். புகை நல்லதல்ல, திறந்த வெளியில் செய்யுங்கள்.

மட்கார்டோடு சேரும் ஓரக் காது முறிந்திருந்தால் ஊசி மட்டும் தாங்காது, பம்பரின் இழுப்பு முழுக்க அங்கேதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைத் துண்டைச் சால்டரிங் அயர்னால் பதித்து, அதே வகைப் பிளாஸ்டிக்கை உருக்கி மேலே மூட வேண்டும். பழைய பம்பரிலிருந்து சீவிய கீற்று இதற்குக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் வெல்டிங் குச்சியைவிட நன்றாகச் சேரும்.

இப்போது குறைகள். செட்டில் வரும் ஊசிகள் பல நேரம் சாதாரணக் கம்பி. கடலூர், புதுச்சேரிக் காற்றில் துருப்பிடித்து முன்பக்கம் பழுப்புக் கறை கசியும். ஸ்டெயின்லெஸ் ஊசி தனியாக வாங்குங்கள். கூட வரும் கட்டர், வெளியே நீட்டி நிற்கும் ஊசிக் காலை ஒட்ட நறுக்காது, நல்ல நிப்பர் வேண்டும். பிளக்கின் கால்கள் மெலிந்திருந்தால் நம் சாக்கெட்டில் ஆடிப் பொறி தட்டும், பிளக்கையே மாற்றிவிடுங்கள். 110 வோல்ட் மாடலும் விற்பனையில் உண்டு, ஆர்டர் செய்யும் முன் 230 வோல்ட்தானா என்று பார்க்கவும்.

முன்பக்கத்தில் விரிசலை வி வடிவில் கீறி, உருக்கி நிரப்பி, உப்புத்தாள் போடவும். தகரத்துக்கான பட்டி வளையாது, வெடித்துவிடும். பிளாஸ்டிக் பட்டியே போட வேண்டும். பிரைமருக்கு முன், பெயின்ட் பிடிக்க உதவும் அட்ஹீஷன் புரமோட்டர் அடிக்காவிட்டால் பெயின்ட் தோலாக உரியும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஸ்ப்ரே அடித்தால் வெளுத்துப்போகும். தையலை முடித்து மாட்டிக்கொண்டு, பெயின்டை வெயிலுக்குத் தள்ளிப்போடலாம்.

ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டிக்கு இதைப் பயன்படுத்தவே வேண்டாம். அது கண்ணாடி இழை கலந்த நைலான். கொதிக்கும் கூலன்ட் ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தில் உள்ளே நிற்கும், ஊசி குத்திய இடமெல்லாம் கசியும். அந்தத் தொட்டியை மாற்றத்தான் வேண்டும். பெட்ரோல் டேங்க் பக்கம் இந்தக் கருவியைக் கொண்டுபோகவே கூடாது.