ஏர் பெட்டா, ஃபோம் மெத்தையா? படுக்கைப் புண்ணைத் தடுப்பதில் எதற்கு முதலிடம்

பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, ஐசியூ என்று நோயாளி அசையாமல் கிடக்கும் நிலை வந்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "ஏர் பெட் போடலாமா?" என்பதுதான். போடலாம். ஆனால் அது போட்டாயிற்று என்று திருப்பிப் படுக்கவைப்பதை விட்டுவிட்டால் புண் வந்தே தீரும்.

பிரிட்டனில் 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த 'பிரஷர் 2' ஆய்வின் முடிவு 2019-இல் வெளிவந்தது. ஏர் பெட்டில், அதாவது காற்று மாறி மாறி நிரம்பும் மெத்தையில் படுத்தவர்களில் 6.9 சதவீதம் பேருக்கும், உயர்தர ஃபோம் மெத்தையில் 8.9 சதவீதம் பேருக்கும் தோல் உரிந்த புண்ணோ அதைவிட ஆழமான புண்ணோ புதிதாக வந்தது. இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால், இதை வைத்து ஏர் பெட்தான் மேல் என்று அடித்துச் சொல்ல முடியாது. கவனியுங்கள், அங்கே ஒப்பிட்டது உயர்தர ஃபோம். சாதாரண மெத்தை அல்ல. கொஞ்சமாவது தானே புரளக்கூடியவருக்கு ஃபோமே போதும் என்பது என் கருத்து. ஏர் பெட்டில் புரள்வது சிரமம். திருப்பவே முடியாதவருக்கும், ஏற்கெனவே புண் ஆழமாக இருப்பவருக்கும் ஏர் பெட். அதிலும் இடுப்புக்கு நேர்கீழே, மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் தட்டுப்பட்டால் காற்று போதவில்லை.

சரி, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவது? முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 942 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், நல்ல ஃபோம் மெத்தையில் 2, 3, 4 மணி இடைவெளிகளுக்குள் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அதைத் தீவிர நோயாளிக்கு அப்படியே பொருத்தக் கூடாது. அவருக்கு 2 மணி நேரத்தில் தொடங்கி, தோலைப் பார்த்துத்தான் இடைவெளியைக் கூட்ட வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் சிவப்பு அப்படியே இருந்தால் அது புண்ணின் முதல் நிலை. கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடு, கெட்டித்தன்மை, வலி இவற்றைத் தொட்டுத்தான் அறிய வேண்டும்.

நேர்ப்பக்கவாட்டில், அதாவது 90 டிகிரியில் ஒருக்களித்துப் படுக்கவைத்தால் முழு எடையும் தொடை எலும்பின் மேல்முனையில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி சாய்ப்பதே நல்லது. சாப்பிடும்போது தலைப்பக்கத்தை உயர்த்தினால், அப்புறம் 30 டிகிரிக்கு இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் உடல் கீழே சறுக்கும், உள்ளே தசை இழுபட்டுக் கிழியும்.

நடுவில் ஓட்டையுள்ள ரிங் தலையணை, குதிகாலுக்குத் தண்ணீர் நிரப்பிய கையுறை இரண்டும் வேண்டாம். ரிங், தன் விளிம்பிலேயே ரத்த ஓட்டத்தை நசுக்கும். கெண்டைக்கால் நீளத்துக்குத் தலையணை வைத்து, குதிகால் எதையும் தொடாமல் இருக்கச் செய்தால் போதும். சிவந்த இடத்தை மசாஜ் செய்யவும் கூடாது.

புண் வந்துவிட்டால் கழுவுவதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடா, சலைன் எனும் உப்புநீரா? சலைன்தான், பெராக்சைடு புதிதாக வளரும் திசுவையும் கொல்லும். காய்ந்து ஒட்டும் காஸ் துணியை உரிக்கும்போது அந்தத் திசுவும் பிய்ந்து வரும், அதனால் ஈரம் காக்கும் ஹைட்ரோகொலாய்டு, ஃபோம் கட்டுகளே மேல். அழுகிய திசுவை அகற்றுவது மருத்துவர் வேலை. ஆனால் குதிகாலில் காய்ந்து இறுகிய கரும்பொருக்கு, சுற்றிலும் சிவப்போ சீழோ இல்லாமல் இருந்தால், அதைப் பிய்க்காமல் விடுவதே வழக்கம்.

சாப்பாட்டை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் இல்லாமல் எந்தக் கட்டும் புண்ணை மூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.