தேக்காவில் அரைத்து வாங்கிய நலங்கு மாவு: 8 வாரப் பயன்பாட்டுக்குப் பிறகு

சிங்கப்பூரின் தேக்காவில் பூக்கடைகளைத் தாண்டிச் சென்றால் வரும் நாட்டு மருந்துக் கடை ஒன்றில், நாம் கேட்கும் சரக்குகளை நிறுத்து, கண் முன்னே அரைத்து நலங்கு மாவாகத் தருகிறார்கள். 250 கிராமுக்கு 12 வெள்ளி கொடுத்தேன். பேரங்காடிகளில் பெட்டியில் அடைத்து விற்கும் மாவைவிட இது விலை கூடுதல்தான். ஆனால் பெட்டி மாவு எப்போது அரைக்கப்பட்டது என்பது நமக்குத் தெரியப்போவதில்லை, இங்கோ பொட்டலம் கைக்கு வந்தபோது அரைத்த சூடு இன்னும் தணியவில்லை. முகத்துக்கும் உடம்புக்கும் 8 வாரங்கள் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

கடைக்காரர் முதலில் கேட்ட கேள்வியே நம்பிக்கை தந்தது: “பிள்ளைக்கா தங்கச்சி, உங்களுக்கா?” எனக்கு என்றதும், பாசிப்பயறு பாதிக்கு மேல், கடலைப்பருப்பு சிறிதளவு, அதன்மேல் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா இதழ், கார்போக அரிசி என்று ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றினார். குழந்தைக்கு என்றால் பயறும் ரோஜா இதழும் மட்டும் போதும், மற்றவற்றை ஏற்ற வேண்டாம் என்றும் சொன்னார். விற்பனையைக் குறைத்துக்கொள்ளும் ஆலோசனையைக் கடைக்காரர் வாயால் கேட்பது அரிது.

கஸ்தூரி மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் ஏமாறுவது இங்கேதான். சமையலுக்குப் போடும் விரலி மஞ்சளில் குர்குமின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் மிகுதியாக இருப்பதால் அது தோலிலும் துணியிலும் கறையாக ஒட்டிக்கொள்ளும். கஸ்தூரி மஞ்சளின் பொடியோ வெளிறிய நிறத்தில், கற்பூரத்தை நினைவூட்டும் வாசனையோடு இருக்கும், கழுவினால் போய்விடும். பளிச்சென்ற மஞ்சள் பொடியைக் கஸ்தூரி மஞ்சள் என்று நீட்டினால் வாங்காதீர்கள். இந்தக் கடையில் கிழங்கை உடைத்து முகர்ந்து பார்க்கவே கொடுத்தார்கள்.

இனி மாவின் வேலைக்கு வருவோம். அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு, சாதாரணக் கட்டிச் சோப்பில் 9, 10 என்ற கார நிலையில் இருக்கும். நம் தோலின் மேற்பரப்போ 5 என்ற அளவையொட்டிய மென்மையான அமிலத்தன்மை உடையது. அதனால்தான் சோப்பு போட்டுக் குளித்துவிட்டு நாள் முழுவதும் குளிரூட்டிய அலுவலகத்தில் உட்காருகிறவர்களுக்கு, வெளியே காற்றெல்லாம் ஈரமாக இருந்தும், முழங்காலும் முன்கையும் சாம்பல் பூத்துப்போகின்றன. பயறு மாவு அழுக்கோடு சேர்ந்த எண்ணெய்ப் பசையை உறிஞ்சி எடுக்கிறதே தவிர, தோலின் சொந்த எண்ணெயை முழுதாகத் துடைத்துவிடுவதில்லை. இரண்டாம் வாரத்திலேயே என் முன்கையின் அரிப்பு நின்றது. ஆனாலும் குளித்து மூன்று நிமிடத்துக்குள், ஈரம் காயுமுன், கிளிசரின் கலந்த ஒரு சாதாரண மாய்ஸ்சரைசரைத் தடவிக்கொள்கிறேன். மாவு அந்த வேலையைச் செய்யாது. நிறம் கூட்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கூட்டவில்லை, கூட்ட வேண்டிய தேவையும் எனக்கில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. அரைப்பு போதுமான அளவு நைசாக இல்லை. வெட்டிவேரின் நார்த்துணுக்குகள் கன்னத்தில் உரசியதால், சித்த மருந்து செய்கிறவர்கள் வஸ்திரகாயம் என்று சொல்வதுபோல், வீட்டில் மெல்லிய பருத்தித் துணியில் மறுபடி சலிக்க வேண்டியதாயிற்று. சலித்ததில் ஏறக்குறைய இரண்டு கைப்பிடி கப்பி மிஞ்சியது, அதை முழங்கைக்கும் பாதத்துக்கும் வைத்துக்கொண்டேன். மாவைக் குளியலறையில் வைக்கவே கூடாது. இந்த ஊரின் ஈரத்தில் பயறு மாவில் வண்டும் பூஞ்சையும் வர அதிக நாள் ஆகாது. என் டப்பா குளிர்பதனப் பெட்டியில், தோசை மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாரத்துக்குத் தேவையானதை மட்டும் சிறிய சீசாவில் எடுத்துக்கொள்கிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக் குளியலறையின் தரை வடிகாலில் மாவு படிந்து அடைத்துக்கொள்வதையும் ஒருமுறை அனுபவித்தேன். இப்போது வடிகாலின் மேல் ஒரு வலைத்துணி போட்ட பிறகே குளிக்கிறேன்.

இவையெல்லாம் சிறு தொல்லைகள். பெரியது நான்காம் வாரத்தில் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாவைத் தயிரில் குழைத்து முகத்திலும் கழுத்திலும் அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவிவிட்டு, சன்ஸ்கிரீனை முகத்துக்கு மட்டும் தடவிக்கொண்டு ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போய் மதியம் வரை இருந்தேன். மறுநாள் மாலைக்குள் கழுத்து சிவந்து எரிந்தது. அடுத்த சில நாள்களில் சிவப்பு கருமையாக மாறியது. பலதுறை மருந்தகத்து மருத்துவர் மாவில் என்னென்ன இருக்கின்றன என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கார்போக அரிசி என்ற பெயரில் நின்றார்.

கார்போக அரிசி என்பது அரிசி அன்று, ஒரு செடியின் விதை. அதில் சொராலென் என்னும் பொருள் உள்ளது. அது தோலில் படிந்திருக்கும்போது புறஊதா ‘ஏ’ கதிர் பட்டால், தோல் வெயிலில் பல மணி நேரம் வாட்டியதுபோல வெந்துபோகும். வெண்புள்ளிக்குச் சொராலெனைக் கொடுத்து அதே கதிரைக் காட்டுவது மருத்துவத்தில் நெடுங்காலமாக இருக்கும் சிகிச்சை. அதாவது அந்த விதையின் ஆற்றல் பொய்யில்லை, நான்தான் அதை எழுப்பிவிட்டு வெயிலில் நின்றேன். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெளியே போகிறவர்களுக்கும் இதே வகையான பொருளால் இதே கதி நேரலாம். நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே இருக்கும் சிங்கப்பூரில், வானம் தெளிந்த நாளின் உச்சிப்பொழுதில் புறஊதாக் குறியீடு 11ஐத் தொடுவது வியப்பில்லை, மேகமும் சன்னல் கண்ணாடியும் ‘ஏ’ கதிரை முழுதாகத் தடுப்பதுமில்லை. நம் பாட்டிமார் இந்த மாவை எண்ணெய்க் குளியல் நாளில் பூசி, குளித்து, வீட்டுக்குள் ஓய்வாக இருந்தார்கள் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

கடையின்மேல் எனக்குள்ள வருத்தம் ஒன்றுதான்: பிள்ளைக்கா என்று கேட்கத் தெரிந்தவர், வெயிலில் போகிறீர்களா என்றும் கேட்டிருக்கலாம். பொட்டலத்தில் விலையைத் தவிர வேறு எதுவும் எழுதப்படவில்லை. சேர்மானங்களை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தருவதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நினைவிலிருந்து நான் ஒப்பிக்க முடிந்ததால் மருத்துவருக்குக் காரணம் பிடிபட்டது.

மறுபடி அதே கடைக்குத்தான் போனேன். நடந்ததைச் சொன்னதும் கடைக்காரர் வாதாடவில்லை. “அப்ப அத விட்டுட்டு அரைச்சிடலாம், ராத்திரி மட்டும் போடுங்க” என்று சொல்லி, கார்போக அரிசிக்குப் பதிலாக ஆவாரம்பூவைக் கூட்டி, கேட்டதற்கிணங்க இருமுறை அரைத்து, சேர்மானங்களை என்னையே ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னார். பெட்டியில் அடைத்த எந்த மாவிலும் இப்படி ஒரு சரக்கை வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பதால், கூடுதல் வெள்ளியை நான் பொருட்படுத்தவில்லை. இப்போது வாரம் மூன்று இரவுகள், முகத்துக்கு இரண்டு நிமிடம், உடம்புக்கு ஐந்து நிமிடம். காலையில் வெறும் தண்ணீரும், கழுத்தையும் விட்டுவிடாமல் சன்ஸ்கிரீனும். சீழ்ப்பருவோ புண்ணோ உள்ளவர்கள், பயறு வகைகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடாமல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. என் கழுத்துக் கருமை நான்கு வாரங்களில் பாதி மங்கியிருக்கிறது. மீதி மங்க இன்னும் சில மாதங்கள் ஆகலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.