9 வருடம் ஓடிய கிணற்று மோனோபிளாக்: இம்பெல்லரைப் பற்றிக் கொஞ்சம்

ஈரோடு பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் 5 எச்.பி. மூன்று பேஸ் மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருக்கிற பம்ப்) 9 வருடமாக ஓடுகிறது. உள்ளே சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற பிளேடு வைத்த சக்கரமான இம்பெல்லரை இரண்டு முறை மாற்றியாயிற்று. முதல் தடவை போனதற்குப் பம்பைக் குறை சொல்ல முடியாது, நாங்கள் அதை வைத்த இடம்தான் தப்பு.

மேட்டிலேயே வைத்திருந்தோம். இரண்டாவது கோடையில் தண்ணீர் மட்டம் 25 அடிக்கு இறங்கியதும் கேசிங்குக்குள் (இம்பெல்லரை மூடியிருக்கிற கூடு) ஜல்லி உருளுகிற மாதிரி சத்தம். மணல் ஏறுகிறது என்று நினைத்து குழாயின் அடி முனையில் இருக்கிற ஃபுட் வால்வைத் தூக்கிப் பார்த்தால் சுத்தமாக இருந்தது. பம்பைக் கழற்றினால் இம்பெல்லரின் கண் (தண்ணீர் நுழைகிற நடு ஓட்டை) பக்கம், பிளேடு தொடங்குகிற இடத்தில், கறையான் அரித்த பலகை மாதிரி குழி குழியாக இருந்தது. பம்ப் தண்ணீரை இழுக்கிறது என்று சொல்கிறோமே, உண்மையில் இம்பெல்லர் சுற்றும்போது நடுவில் அழுத்தம் குறைகிறது, வெளியே இருக்கிற காற்றழுத்தம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி மேலே ஏற்றுகிறது. அதற்குக் கணக்குப்படியே சுமார் 34 அடி வரைதான் பலம். குழாய் உராய்வு, பெண்டு, ஃபுட் வால்வு எல்லாம் போக 20, 22 அடிக்கு மேல் நம்பவே கூடாது. அதைத் தாண்டினால் கண்ணுக்குள் தண்ணீர் சூடாகாமலே ஆவிக் குமிழியாகிறது, அந்தக் குமிழிகள் அழுத்தம் கூடுகிற இடத்துக்குப் போனதும் உடைந்து பிளேடைக் கொத்துகின்றன. நாங்கள் கேட்ட ஜல்லிச் சத்தம் அதுதான்.

கிணற்றுக்குள் 14 அடி கீழே கான்கிரீட் திட்டு போட்டுப் பம்பை இறக்கினோம், தண்ணீர் ஏறி வருகிற சக்ஷன் குழாயையும் ஒரு சைஸ் பெரிதாக்கினோம். சத்தம் அன்றோடு நின்றது. மழைக்காலத்தில் மட்டம் ஏறினால் செயின் பிளாக் வைத்துத் தூக்க வேண்டும், அந்தத் தொல்லை மட்டும் இருக்கிறது.

அப்புறம் அடுத்த தப்பு. அவசரத்துக்கு, கடையில் கிடைத்த டூப்ளிகேட் இம்பெல்லரை வாங்கிப் போட்டோம். விட்டம் ஒன்றுதான், ஆனால் பிளேடு தடிமன், வார்ப்பு சொரசொரப்பு, வளைவும் பழையதை விட நிமிர்ந்து இருந்தது. 7 ஆம்ஸ் எடுத்த மோட்டார் எட்டரை எடுத்து அடிக்கடி ட்ரிப் ஆனது, தண்ணீர் ஒரு குடம்கூட அதிகம் வரவில்லை. இந்தப் பம்புகளில் பிளேடு சுற்றும் திசைக்கு எதிராகப் பின்னால் சாய்ந்திருக்கும். தண்ணீரை வாரி எறிய முன்னால் வளைந்தால்தானே நல்லது என்று எனக்கும் தோன்றியது. ஆனால் பின்னால் வளைந்த பிளேடு தண்ணீரை அளவான வேகத்தில் வெளியே விடுகிறது, கேசிங்கில் அந்த வேகம் அழுத்தமாக மாறும்போது வீணாவது குறைவு. நிமிர்ந்த பிளேடு வேகத்தைக் கூட்டும், அதற்கான கரண்டையும் எடுக்கும், ஆனால் அந்த வேகத்தில் ஒரு பகுதி கேசிங்குக்குள்ளேயே சுழன்று வீணாகிவிடும். மூன்று மாதத்தில் அதைக் கழற்றிவிட்டு ஒரிஜினலையே போட்டேன். விலை இரண்டு மடங்கு, இருந்தாலும் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

ஒருமுறை டிரான்ஸ்ஃபார்மர் வேலை முடிந்த மறுநாள் தண்ணீர் பாதியாகிவிட்டது. ஃபுட் வால்வு, தண்டு வழியாக ஒழுகாமல் அடைக்கிற கிளாண்டு கயிறு எல்லாம் பார்த்து இரண்டு நாள் போனது. கடைசியில் பார்த்தால் பேஸ் வயர்கள் இடம் மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. திசை மாறினாலும் தண்ணீர் வழக்கமாக வெளியேறுகிற டெலிவரி பக்கம்தான் வரும், அளவுதான் குறையும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. மின் கம்பத்தில் யார் கை வைத்தாலும் முதலில் பம்பில் இருக்கிற அம்புக்குறியைப் பாருங்கள்.

இன்னொன்று, டெலிவரி குழாயில் இருக்கிற கேட் வால்வை மூடினால் மோட்டாருக்கு லோடு ஏறும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். ஆம்ஸ் மீட்டரைப் பார்த்தால் நேர்மாறாக இறங்குகிறது, ஏனென்றால் தள்ள வேண்டிய தண்ணீர் குறைந்துவிடுகிறது. அதனால் நான் வால்வை மூடித்தான் ஸ்டார்ட் செய்கிறேன், ஓடியதும் மெல்லத் திறக்கிறேன். மூடியபடியே நிறைய நேரம் விட்டால் உள்ளே தண்ணீர் கொதித்து சீல் போய்விடும். பக்கத்துத் தோட்டத்தில் பெரிய ஹெட் (தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம், குழாய் உராய்வும் சேர்த்து) பம்பை வாங்கிப் பள்ளத்து வயலுக்குத் திறந்துவிட்டு மோட்டாரை எரித்துக்கொண்டார்கள், ஹெட் குறைந்தால் தண்ணீரும் ஆம்ஸும் சேர்ந்து ஏறும். எச்.பி.யைக் கேட்பதற்கு முன் உங்கள் மொத்த ஹெட்டை அளந்துகொண்டு போங்கள், பிளேடு வடிவமே ஏதோ ஒரு ஹெட்டுக்கும் ஓட்டத்துக்கும்தான் பொருந்தும்.

போன மாதம் திறந்து பார்த்தேன். பிளேடில் ஒரு குழிகூட இல்லை, வேர் ரிங் (இம்பெல்லருக்கும் கேசிங்குக்கும் நடுவே இருக்கிற வளையம்) இடைவெளி மட்டும் தேய்ந்து அகன்றிருந்தது, அதை மாற்றிவிட்டு மூடிவிட்டேன்.