ராணி ஜோடியை எப்போது விடுவது? ஈக்விலேப் மென்பொருள் ஒரு மதிப்பீடு

போக்கரில் மோசமான கையை ஃபோல்டு செய்ய (சீட்டைப் போட்டுவிட்டு விலக) யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராணி ஜோடி, ஜாக்கி ஜோடி, ஏஸ்-ராஜா போன்ற நல்ல கைகளை எந்த நேரத்தில் கீழே போடுவது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். அந்த ஒரு கேள்விக்கு ஈக்விலேப் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

போக்கர்ஸ்ட்ராட்டஜி தளம் இலவசமாகத் தரும் விண்டோஸ் மென்பொருள் இது. உங்கள் இரண்டு சீட்டையும், எதிராளியிடம் இருக்கக்கூடிய கைகளின் தொகுப்பையும் (ஆடுபவர்கள் ரேஞ்ச் என்பார்கள்) கொடுத்தால், ஐந்து பொதுச்சீட்டும் விழுந்த பிறகு பாட்டில் (நடுவில் சேர்ந்திருக்கும் மொத்தப் பந்தயத்தில்) உங்கள் பங்கு சராசரியாக எத்தனை சதவீதம் என்று சொல்லும். ரேஞ்சைக் கொடுக்க 13-க்கு 13 கட்டம் ஒன்று விரியும். குறுக்கே மூலைவிட்டத்தில் ஜோடிகள், அதற்கு வலது மேற்பக்கம் ஒரே சின்னத்துச் சீட்டுகள், இடது கீழ்ப்பக்கம் வெவ்வேறு சின்னத்துச் சீட்டுகள். வேண்டியதைச் சொடுக்கிக் கணக்கை ஓட்ட வேண்டியதுதான்.

ஒரு கையை எடுத்துக்கொள்வோம். இருவரிடமும் 100 பிக் பிளைண்ட். (பிளைண்ட் என்பது இருவர் முன்கூட்டியே கட்டாயமாகப் போடும் பந்தயம். பெரியது 1, சிறியது அதில் பாதி. கீழே வரும் தொகைகள் எல்லாம் பிக் பிளைண்ட் அளவில்.) நீங்கள் ராணி ஜோடியோடு 2.5-க்கு ரெய்ஸ் செய்கிறீர்கள், அதாவது பந்தயத்தை உயர்த்துகிறீர்கள். பட்டனில் (சீட்டு பிரிப்பவர் இடத்தில்) இருப்பவர் 9 ஆக்குகிறார். பிளைண்ட் போட்ட இருவரும் விலக, நீங்கள் 22 ஆக்குகிறீர்கள். அவர் ஆல்-இன், அதாவது இருப்பது முழுவதையும் வைக்கிறார். இப்போது பாட்டில் அவருடைய 100, உங்கள் 22, பிளைண்டுகளின் 1.5, ஆக மொத்தம் 123.5 கிடக்கிறது. நீங்கள் இன்னும் போட வேண்டியது 78. 78-ஐ, அதையும் சேர்த்த மொத்தமான 201.5-ஆல் வகுத்தால் 38.7 சதவீதம். அதற்குக் குறைவான பங்கு இருந்தால் கால் செய்வது (அந்தத் தொகையைப் போட்டு ஆட்டத்தில் நிற்பது) நஷ்டம்.

அவரிடம் ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ஏஸ்-ராஜா இவை மட்டும் இருக்கும் என்று கட்டத்தில் குறித்துப் பாருங்கள். ராணி ஜோடிக்குச் சுமார் 40 வரும். மயிரிழையில் கால். அதே ரேஞ்சோடு ராணி ஜோடியையும் அவருக்குச் சேர்த்துவிட்டு, உங்கள் கையில் ஜாக்கி ஜோடியை வையுங்கள். 36-தான் வரும். ஃபோல்டு. பார்க்க ஏறக்குறைய ஒரே பலம். முடிவு நேர் எதிர்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஏஸ்-ராஜாவைக் குறிக்கும்போது மேற்பக்கக் கட்டத்தை மட்டும் சொடுக்கிவிட்டுக் கீழ்ப்பக்கக் கட்டத்தை மறந்துவிடுவார்கள். ஒரே சின்னத்து ஏஸ்-ராஜா 4 விதமாகத்தான் வரும். வெவ்வேறு சின்னத்தில் 12 விதம். அந்த 12 விடுபட்டால் ராணி ஜோடியின் 40 சதவீதம் 27-க்குச் சரிந்துவிடும். திரையில் வருவது துல்லியமான எண்தான், ஆனால் உங்கள் கேள்விக்கான பதில் அது இல்லை. அதே சமயம், எதிராளி ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ஒரே சின்னத்து ஏஸ்-ராஜா இவற்றோடு மட்டுமே ஆல்-இன் போகும் இறுக்கமான ஆளாக இருந்தால், 27-தான் சரியான எண். ராணி ஜோடியைத் தயங்காமல் விடலாம். சீட்டு மாறவில்லை, எதிரே இருக்கும் ஆள் மாறியிருக்கிறார். ஈக்விலேப் கற்றுத்தரும் முக்கியமான பாடம் இதுதான். அதனால் ரேஞ்சைச் சதவீதத்தால் தேர்ந்தெடுக்கும் இழுப்பானை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அது கைகளைத் தன் வரிசைப்படி சேர்க்கும். மனிதர்கள் அந்த வரிசையில் ஆடுவதில்லை.

ராஜா ஜோடியை ஃப்ளாப்புக்கு (முதல் மூன்று பொதுச்சீட்டுக்கு) முன் விடலாமா என்று கேட்பவர்கள், மேலே சொன்ன அதே 100 பிக் பிளைண்ட் நிலையில் ராணி ஜோடியையும் அதற்கு மேற்பட்ட ஜோடிகளையும் ஏஸ்-ராஜாவையும் எதிராளிக்குக் கொடுத்து ஓட்டிப் பார்க்கட்டும். 57 சதவீதம் வருகிறது. உங்களிடம் இரண்டு ராஜா இருப்பதால் அவரிடம் ஏஸ்-ராஜா இருக்கும் வழிகள் 16-லிருந்து 8 ஆகிவிடுகின்றன. அதை மென்பொருளே கழித்துக்கொள்கிறது.

ஃப்ளாப்புக்குப் பின் கொஞ்சம் கைவேலை தேவை. உங்களிடம் ராஜா ஜோடி. ஏஸ், 7, 2 என்று மூன்று சின்னத்தில் ஃப்ளாப் விழுகிறது. எதிராளிக்கு ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ஏஸ்-ஜாக்கியோடு ராணி, ஜாக்கி, பத்து ஜோடிகளையும் கொடுத்தால் உங்கள் பங்கு சுமார் 39. முதல் பந்தயத்துக்குக் கால் செய்ய அது போதுமானதாக இருக்கலாம். டர்னிலும் (நான்காவது பொதுச்சீட்டிலும்) அவர் பெரிய பந்தயம் வைத்தால் அந்த மூன்று ஜோடிகளை நீங்களே கட்டத்திலிருந்து நீக்க வேண்டும். நீக்கினால், ஃப்ளாப் கணக்கிலேயே பங்கு 8-க்கு வந்துவிடும். டர்னில் ராஜா விழாவிட்டால் இன்னும் பாதி. இப்படிச் சுற்றுக்குச் சுற்று ரேஞ்சைச் சுருக்கிக் காட்டும் வசதி இதில் தானாக நடப்பதில்லை. அடுத்த பந்தயங்களில் நீங்கள் வெளியே தள்ளப்படும் அபாயத்தையும், மேசை எடுக்கும் ரேக் கட்டணத்தையும் இது பார்ப்பதில்லை. 38.7 தேவை, 40 இருக்கிறது என்னும் இடத்தில் ரேக் ஒன்றே லாபத்தை விழுங்கிவிடக்கூடும்.

இது படிப்பதற்கான கருவி. ஆடிக்கொண்டே திறந்து வைத்துப் பார்ப்பதைப் பல இணைய மேசைகள் அனுமதிப்பதில்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை இந்தியாவில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது என்பதையும் இங்குள்ளவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பெரிய குறை டோர்னமெண்டில் தெரியும். பெரிய போட்டிக்கான நுழைவு டிக்கெட்டையே பரிசாகத் தரும் சிறு போட்டி சாட்டிலைட். மூன்று டிக்கெட்டுகள் மட்டுமே பரிசான ஒரு சாட்டிலைட்டில் நான்கு பேர் மிச்சம். மூவரிடம் தலா 12,000 சிப்ஸ், நான்காமவரிடம் வெறும் 600. உங்களைப் போலவே 12,000 வைத்திருப்பவர் ஆல்-இன் போகிறார். உங்களிடம் ஏஸ் ஜோடி. அவர் எந்த இரண்டு சீட்டோடும் போகிறார் என்று வைத்தால் ஈக்விலேப் 85 சதவீதம் என்கிறது. ஆனால் சும்மா ஃபோல்டு செய்தாலே, சிப்ஸ் அளவை வைத்துப் போடும் ஐசிஎம் கணக்குப்படி, உங்களுக்கு டிக்கெட் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 97 சதவீதம். ஏஸ் ஜோடியையும் கீழே போட வேண்டிய இடம் இது. ஈக்விலேப்பின் எண்ணை மட்டும் பார்ப்பவர் கால் செய்துவிடுவார். சாட்டிலைட் ஆடுபவர்கள் இதோடு ஐசிஎம்மைசர் போன்ற ஐசிஎம் கருவி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். கேஷ் மேசைக் (சிப்ஸ் நேரடியாகப் பணமாக மதிப்புப் பெறும் மேசை) கணக்கைப் படிப்பவர்களுக்கு ஈக்விலேப்பே போதும்.