ரேஷன் கடை: அரிசிக்கு முழு மார்க், தராசுக்குப் பாதிதான்

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் வசம் போனதும், இங்கே வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. அந்த டிசம்பரில் டில்லியில் உணவுக்கென்றே தனித் துறை தொடங்கினார்கள். போர்க்காலப் பங்கீட்டின் வாரிசுதான் இன்று சென்னையில் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் பையோடு போய் நிற்கிற ரேஷன் கடை.

முன்னுரிமை அல்லாத அரிசி அட்டையில் ஒரே ஆள் என்றாலும் 12 கிலோ, மூன்று பெரியவர்கள் இருந்தால் 20 கிலோ, காசில்லாமல். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. இந்த விலைக்கு வெளியே எங்கேயும் கிடைக்காது.

புழுங்கலரிசியில் சில நேரம் சாக்கு வாடை அடிக்கும். மூன்று தண்ணீர் களைந்தால் போய்விடும். இட்லிக்கு அருமையான அரிசி, நாலு பங்குக்கு ஒரு பங்கு உளுந்து போதும். களையும்போது சில மணிகள் மேலே மிதந்தால் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று கொட்டிவிடாதீர்கள். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அச்சில் பிழிந்த மணிகள் அவை. 100 கிலோவுக்கு 1 கிலோ என்ற கணக்கில்தான் கலந்திருக்கும். அதைக் கொட்டினால் சேர்த்த சத்து மொத்தமும் சாக்கடைக்குத்தான்.

குறை தராசில். 50 கிலோ மூட்டையில் கோணி மட்டுமே அரைக் கிலோவுக்கு மேல். கொக்கி குத்திய ஓட்டையில் சிந்துவது தனி. கடைக்காரர், பில் போடும் மெஷினில் காட்டும் இருப்புக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். அந்தக் குறைவு கடைசியில் நம் பையில் விழுகிறது. அதனால் காலி வாளியை வைத்ததும் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். பையில் கவிழ்க்கும் முன்பே எண்ணைப் படித்துவிடுங்கள்.

மீன் வெட்டுகிற, துணி துவைக்கிற கைகளில் ரேகை தேய்ந்திருக்கும், மெஷின் எடுக்காது. ஈரம் போகத் துடைத்து வேறு விரலை வையுங்கள். கருவிழி பார்க்கும் கருவி இருந்தால் அதில் பார்த்துப் பொருள் தரச் சொல்லுங்கள், அது அவர்கள் செய்யவேண்டியது.

பருப்பும் பாமாயிலும் அரிசி வரும் அன்றே வந்துவிடுவதில்லை. ‘அப்புறம் தரேன்’ என்று சொல்லி மொத்தத்துக்கும் பில் போட விடாதீர்கள். கையில் வந்ததற்கு மட்டும் போடச் சொல்லுங்கள். வாங்காத பொருள் செல்போன் குறுஞ்செய்தியில் வந்திருந்தால் அன்றைக்கே 1967-க்கு அடியுங்கள்.