புகை இழுக்கும் ஹூட்டுக்கு 18,400 ரூபாய் கட்டி ஏமாந்தேன்: வீட்டில் கண்ணாடி மணி செய்வோர் கவனத்துக்கு

வீட்டில் கேஸ் டார்ச்சின் சுடரில் கண்ணாடியை உருக்கி மாலைக்கான மணி செய்பவர்களும், செய்யத் தொடங்கலாம் என்று நினைப்பவர்களும் இதை முழுவதும் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புகையை வெளியேற்றும் ஹூட், குழாய், மின்விசிறி ஆகிய மூன்றையும் என் இடத்துக்கு அளவெடுத்துச் செய்து தருவதாகச் சொன்ன ஒரு விற்பனையாளரிடம் 18,400 ரூபாய் கட்டினேன். வந்து சேர்ந்த பொருள் ஓர் ஊதுபத்தியின் புகையைக்கூட ஒழுங்காக இழுக்கவில்லை. பணத்தைத் திருப்பித் தர இயலாது என்ற இறுதிப் பதில் நேற்று மாலை வந்தது. புகார் நடந்துகொண்டிருப்பதால் விற்பனையாளரின் பெயரையோ தளத்தின் பெயரையோ இங்கே எழுதவில்லை. தொழிற்கருவிகளை விற்கும் பல சிறு கடைகளை ஒரே இடத்தில் காட்டி, பணத்தையும் தானே வாங்கிக்கொள்ளும் இணையச் சந்தை அது என்று மட்டும் சொல்கிறேன்.

நான் கோயம்புத்தூரில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடமாக இருந்த சிறிய பால்கனியில் அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் போட்டு அடைத்து, அதைத்தான் பட்டறையாக வைத்திருக்கிறேன். திறந்த பால்கனியில் இந்த வேலையைச் செய்ய முடியாது. காற்று அடித்தால் சுடர் ஆடும். எஃகுக் கம்பியில் உருகிச் சுற்றிக்கொண்டிருக்கும் மணி ஒரு பக்கம் குளிர்ந்து விரிசல் விடும். அடைத்துவிட்டாலோ சுடரிலிருந்து வருவதெல்லாம் உள்ளேயே தங்கும். கேஸ் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜன் சேர்ந்த சுடர் இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் எரிவதால், பக்கத்துக் காற்றில் இருக்கும் நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறுகிறது. சில நிறக் கண்ணாடிக் குச்சிகளில் ஈயமோ காட்மியமோ இருக்கும். அவற்றை அதிகமாகக் காய்ச்சினால் உலோக ஆவியும் எழும். அடுத்த அறையில் என் மாமியார் படுத்திருப்பார். அவருக்கு ஆஸ்துமா. நைட்ரஜன் டை ஆக்சைடு ஆஸ்துமாவைத் தூண்டிவிடும் என்பதால், புகைவழி சரியாக அமையும் வரை டார்ச்சைப் பற்றவைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

எனக்கு என்ன வேண்டும் என்பதைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டுதான் விற்பனையாளரை அணுகினேன். மேசைக்கு மேல் 3 அடி அகலமும் 2 அடி ஆழமும் கொண்ட ஹூட் என்றால் அதன் வாய் 6 சதுர அடி. அந்த வாய் முழுவதும் காற்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடி வேகத்தில் உள்ளே போனால்தான் சுடரின் புகை மூக்குக்கு வராமல் மேலே போகும். ஆகவே நிமிடத்துக்கு 600 கன அடி, அதாவது 600 சி.எஃப்.எம். காற்றை இழுக்க வேண்டும்; அதுவும் குழாயும் வளைவும் கொடுக்கும் தடையைத் தாண்டி இழுக்க வேண்டும். அவ்வளவு காற்று போவதற்கு 8 அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டுக் குழாய் வேண்டும். குடியிருப்போர் சங்கம் சுவரில் துளையிட அனுமதிக்காது என்பதால், ஜன்னலின் ஒரு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தகடு வைத்து அதன் வழியாகக் குழாயை வெளியே விட வேண்டும். இவை அத்தனையையும் அளவுகளோடும் புகைப்படத்தோடும் அவருக்கு அனுப்பினேன்.

அவர் பேசிய விதத்தை நான் இங்கே விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இனி அவரிடம் போகப்போகிறவர்களும் இதே பேச்சைத்தான் கேட்பார்கள். முதலில் "மேடம்" என்றவர், பேசிய சிறிது நேரத்திலேயே "அக்கா" என்றார். டார்ச் ஒற்றைக் கேஸா, ஆக்சிஜன் சேர்ப்பதா என்று கேட்டார். உள்ளே வரும் காற்றுக்கு வழி இருக்கிறதா, மேசையிலிருந்து கூரை எவ்வளவு உயரம், மின்சூளையை எந்தப் பக்கம் வைத்திருக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார். இந்தத் தொழிலை அறியாத ஒருவருக்கு செய்த மணிகளை விரிசல் விடாமல் மெதுவாக ஆறவைப்பதற்கு ஒரு மின்சூளை இருக்கும் என்பதே தெரியாது. கண்ணாடி மணிக்குப் பேர்போன உத்தரப் பிரதேசத்துப் புர்தில்நகரில் உள்ள பட்டறைகளுக்கே தாங்கள் புகைக்கூண்டு செய்து கொடுத்திருப்பதாகச் சொன்னார். "பெரியவங்க வீட்ல இருக்காங்கன்னு சொல்றீங்க, அதுல நான் விளையாடுவேனாக்கா?" என்று அவர் கேட்டபோது, என் மனத்தில் மிச்சமிருந்த தயக்கமும் போய்விட்டது. அன்றிரவே வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் அனுப்பினார். அதில் 3 அடிக்கு 2 அடி ஹூட், 8 அங்குல ஜி.ஐ. குழாய், 600 சி.எஃப்.எம். மின்விசிறி, ஜன்னல் தகடு எல்லாம் நான் கேட்டபடியே இருந்தன. தொகை 18,400 ரூபாய். செய்து தரும் பொருள் என்பதால் முழுத் தொகையையும் முன்கூட்டியே தளத்தின் வழியாகக் கட்டச் சொன்னார். கட்டினேன்.

வந்த பெட்டியின் எடையே சந்தேகத்தைக் கிளப்பியது. ஹூட் என்று ஒரு மெல்லிய அலுமினியத் தகடு. விரலால் அழுத்தினாலே பள்ளம் விழுந்தது. குழாய் 8 அங்குலம் அல்ல, 4 அங்குலம், அதுவும் ஜி.ஐ. தகடு அல்ல, குளியலறை விசிறிக்கு மாட்டும் மடிப்பு மடிப்பான அலுமினியத் தாள் குழாய். 4 அங்குலக் குழாயின் வாய் 8 அங்குலக் குழாயின் வாயில் கால் பங்குதான். உள்ளே இருக்கும் மடிப்புகள் வேறு காற்றைத் தடுக்கும். விசிறி முழுவதும் பிளாஸ்டிக். அதன் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் காற்றளவு மணிக்கு 200 கன மீட்டர் என்று அச்சிட்டிருந்தது. அதை மாற்றிப் பார்த்தால் ஏறத்தாழ 118 சி.எஃப்.எம். வருகிறது. அதுவும் குழாய் எதையும் மாட்டாமல், தடையே இல்லாத நிலையில் சொல்லப்படும் அளவு. நான் கேட்டது 600. ஜன்னல் தகடு பெட்டியில் இல்லவே இல்லை.

குறை சொல்வதற்கு முன் சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று அதையே மாட்டி ஓடவிட்டேன். ஹூட்டின் விளிம்பில் ஊதுபத்தியைப் பிடித்தால் புகை உள்ளே போகாமல் சுழன்று என் முகத்துக்கு வந்தது. விசிறிக்கு நேர் கீழே பிடித்தால் மட்டும் கொஞ்சம் மேலே ஏறியது. பிறகு மாமியாரை என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கார்பன் மோனாக்சைடு காட்டும் கருவியை மேசையில் வைத்து, டார்ச்சைச் சற்று நேரம் எரியவிட்டேன். கருவியின் எண் ஏறிக்கொண்டே போய், பத்து லட்சத்துக்கு 35 பங்கு என்ற அளவைத் தாண்டியதும் டார்ச்சை அணைத்து ஜன்னல்களைத் திறந்தேன். ஒரு வேலை நாள் முழுவதற்குமான சராசரி அதற்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு அது. இவை அனைத்தையும் காணொளியாகப் பதிவு செய்து வைத்திருக்கிறேன்.

அவரை அழைத்துச் சொன்னபோது முதல் பதில், "கூரியர்ல மாறிப் போயிருக்கும்க்கா, பாத்துச் சொல்றேன்" என்பது. பெட்டியின் மீது என் பெயரும், உள்ளே இருந்த ரசீதில் என் ஆர்டர் எண்ணும் இருந்தன, எதுவும் மாறவில்லை. அடுத்த முறை, ஆள் அனுப்புகிறேன் என்றார், யாரும் வரவில்லை. அதற்கடுத்து, காணொளி அனுப்பச் சொன்னார்; அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "கண்ணாடி மணிக்கு இதுவே அதிகம்க்கா. உங்களுக்குத் திருப்தி இல்லேன்னா 3,500 ரூபா குடுங்க, கார்பன் ஃபில்டர் ஒண்ணு சேர்த்துத் தர்றேன், குழாயே வேணாம், காத்து அங்கேயே சுத்தமாயிடும்" என்றார். அந்தக் கார்பன் ஃபில்டர் சமையல் வாடையைக் குறைக்கும். கார்பன் மோனாக்சைடை அது பிடித்து வைக்காது. மெல்லிய தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரும் வாயுவைப் பிடிக்காது. டார்ச் எரியும் அறையில் காற்றை வெளியே விடாமல் ஃபில்டர் வழியாகத் திரும்ப உள்ளேயே விடுவது, விஷ வாயுவைச் சுற்றிச் சுற்றிச் சுவாசிக்க வைப்பதாகும். ஆஸ்துமா உள்ள ஒரு முதியவர் அந்த வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டே, ஒரு மனிதர் இதை இன்னும் 3,500 ரூபாய்க்கு விற்கப் பார்க்கிறார் என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. மறுத்த பிறகு என் அழைப்புகளை அவர் எடுப்பதில்லை. செய்திகள் பார்க்கப்பட்டதற்கான நீலக் குறி மட்டும் விழுகிறது.

தளத்தின் வாடிக்கையாளர் சேவை இதைவிட மோசம். முதலில் தானாக வரும் பதில்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வெவ்வேறு ஆட்கள். ஒவ்வொருவருக்கும் நான் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. வாடிக்கையாளருக்காகத் தனியே செய்த பொருளுக்குத் திரும்பப் பெறும் வசதி கிடையாது என்றார்கள். தனியே செய்திருந்தால்தானே அந்த விதி பொருந்தும், இது எந்தக் கடையிலும் கிடைக்கும் குளியலறை விசிறி அல்லவா என்று கேட்டேன், பதில் இல்லை. விற்பனையாளர் அனுப்பிய வரைபடத்தைக் காட்டினால், எங்கள் தளத்துக்கு வெளியே நடந்த உரையாடலை ஆதாரமாக ஏற்க முடியாது என்றார்கள். தளத்தின் ரசீதில் அவர் "எக்ஸாஸ்ட் செட், ஒன்று" என்று மட்டும் எழுதியிருக்கிறார். அளவுகள் அத்தனையும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கின்றன. அதை அவர் அறிந்தே செய்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன். விற்பனையாளரைக் கேளுங்கள் என்று தளமும், பணம் தளத்திடம்தான் போனது என்று விற்பனையாளரும் மாறி மாறிக் கைகாட்டிக்கொண்டிருந்த நிலையில், நேற்று என் புகார் "தீர்க்கப்பட்டது" என்று குறிக்கப்பட்டு மூடப்பட்டது. என்ன தீர்ந்தது? என் 18,400 ரூபாய் அவர்களிடம் இருக்கிறது. பயன்படாத தகடும் விசிறியும் என் வீட்டில் இருக்கின்றன. நவராத்திரிக் கண்காட்சிக்கு ஒப்புக்கொண்டிருந்த மாலைகளைச் செய்து தர முடியாது என்று ஒவ்வொருவருக்கும் நானே அழைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் இன்று காலை புகார் பதிவு செய்துவிட்டேன். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, ஒவ்வொரு தளமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து அவருடைய பெயரையும் தொடர்பு விவரங்களையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். இந்தத் தளத்தில் அந்தப் பெயர் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கிறது. அரட்டைப் பெட்டியில் பேசிய ஒருவர்கூட அவரைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை. அவருக்கும் எழுதியிருக்கிறேன். இதிலும் பயனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை.

எப்படி வாங்குவது, எப்படி அமைப்பது என்று விரிவாக எழுதத்தான் நினைத்திருந்தேன். இப்போதைய மனநிலையில் அது முடியவில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அளவுகள் ஒவ்வொன்றையும் பணம் வாங்கும் தளத்தின் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் விலகிவிடுங்கள். விசிறியின் காற்றளவு சி.எஃப்.எம்.-ஆ, மணிக்குக் கன மீட்டரா என்று கேளுங்கள். கன மீட்டர் என்றால் 1.7-ஆல் வகுத்துப் பாருங்கள். குழாய் மாட்டிய பிறகு எவ்வளவு இழுக்கும் என்பதையும் கேளுங்கள். டார்ச்சுக்கு மேல் பிளாஸ்டிக் விசிறி, ஃபில்டர் மட்டுமே கொண்ட ஹூட் இரண்டையும் யார் சொன்னாலும் வாங்காதீர்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும் என்பதால் மேலே இருக்கும் ஹூட் அதை எடுக்காது, கீழேயும் ஒரு திறப்பு வேண்டும். வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளே வர, உங்கள் முதுகுப் பக்கத்தில் ஒரு ஜன்னலோ கதவோ திறந்திருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு கருவியை மட்டும் எந்தச் செலவைக் குறைத்தாவது முதலில் வாங்கிவிடுங்கள். இதே வரைபடம், இதே 18,400 ரூபாய்க்கு உங்களில் யாருக்காவது வந்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன் எனக்குத் தனிச் செய்தியில் எழுதுங்கள். என்னிடம் இருக்கும் காணொளிகளை அனுப்புகிறேன். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் நீங்களும் 1915-இல் புகார் கொடுத்துவிட்டு, அந்தப் புகார் எண்ணை எனக்குத் தெரிவியுங்கள்.